மூன்று ஜெபமாலை நேரம்

தண்டோராச் சத்தம் கேட்டபோது கொலோமா ஆறாவது ரொட்டியையும் உள்ளே தள்ளிவிட்டு, அடுப்பின் வாயைக் கல்லால் அடைத்து, கல்லைச் சுற்றி ஈரமண் பூசிக்கொண்டிருந்தாள். மண் பூசியாகிவிட்டால் அப்புறம் அடுப்பு பாடு, ரொட்டி பாடு. மூன்று ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரத்துக்கு யாரும் அதைத் தொடக் கூடாது. அந்த ஸ்பானிய மலையூரில் கடிகாரம் என்று கோயில் கோபுரத்தில் ஒன்று இருந்தது, அதுவும் பிரெஞ்சுக்காரன் சண்டை தொடங்கின வருஷத்தோடு நின்றுபோனது. சமையலில் வேகிற நேரத்தையெல்லாம் பெண்கள் ஜெபத்தில்தான் அளந்தார்கள். முட்டைக்கு ஒரு விசுவாசப் பிரமாணம், ரொட்டிக்கு மூன்று ஜெபமாலை. பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே என்று அவள் வாய் தொடங்கவும், கிணற்றடி முக்கில் தண்டோராக்காரன் முழக்கவும் சரியாக இருந்தது. இடுப்பிலிருந்த மகள் தெக்லா, ஒன்றரை வயசு, முழக்கத்துக்குத் தகுந்தபடி குதித்தாள். கொலோமாவுக்குச் சிரிப்பு வந்தது. மண்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். என்ன இருக்கப்போகிறது, யாருடைய கழுதையாவது காணாமல் போயிருக்கும், இல்லாவிட்டால் ராஜாவைப் பற்றி ஏதாவது நல்ல சேதி. ஆறு வருஷம் பிரெஞ்சுக்காரன் காவலில் இருந்துவிட்டு ராஜா இந்த வசந்தத்தில்தான் நாடு திரும்பியிருந்தார். திரும்பினதிலிருந்து வாரத்துக்கு ஒரு முழக்கம். ஆனால் இந்தத் தடவை காகிதம் நீளமாக இருந்தது. தண்டோராக்காரன் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வாசித்தான். காதிஸ் பட்டணத்தில் கூடிய சபை எழுதின அரசியல் சாசனமும், அது போட்ட சட்டங்களும் செல்லாது. இப்போதும் செல்லாது, எக்காலத்திலும் செல்லாது. அப்படிப்பட்ட காரியங்கள் ஒருபோதும் நடவாதவை போலவும், காலத்தின் நடுவிலிருந்தே எடுத்துப் போடப்பட்டவை போலவும் ஆகும். எதிர்த்து நிற்கிறவனுக்கு உயிர் போகும். அதோடு முடியவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, இது நம்ம பிரபுவின் காரியஸ்தர் டொன் மெலிட்டோன் அறிவிப்பது என்று குரலை இன்னும் ஏற்றினான்: பழைய முறைப்படி ஊரில் பிரபுவின் அடுப்பு தவிர வேறு ரொட்டி அடுப்பு இருக்கக் கூடாது, இருந்தால் இன்று மத்தியானக் கோயில் மணிக்கு அவரே ஆளோடு வந்து இடிப்பார், அதில் ரொட்டி சுட்ட வீடு எதுவோ, அந்த வீட்டுக்கு இனிமேல் பிரபுவின் நிலத்தில் குத்தகை கிடையாது. ஊரில் வேறு அடுப்பு என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதன் வாயில் பூசின மண் இன்னும் காயவில்லை.

அவள் திரும்பி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு ஜெபமாலைக்கு ஐந்து பத்து; முதல் பத்தில் எத்தனை சொன்னோம், மூன்றா, நாலா? சரி, நாலு என்று வைத்துக்கொள். பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே, காலத்தின் நடுவிலிருந்து. இதென்ன, வாய் தானாக அதைச் சொல்கிறது. காலத்துக்கு நடு என்று ஒன்று உண்டா? ரொட்டிக்கு நடு உண்டு, மெத்தென்று. அதைப் பிய்த்து எடுத்தால் ஓரம் இரண்டும் கொட்டாங்கச்சி மாதிரி நிற்கும், ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அப்படியானால் ஒரு பக்கம் அவளுக்குக் கல்யாணம் ஆகாத காலம், இந்தப் பக்கம் இன்றைக்குக் காலை, நடுவில் பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் கல்யாணம் நடந்தது, தெக்லா பிறந்தாள், கிணற்றுக்குப் புது உருளை வந்தது, பக்கத்து வீட்டுப் பௌலாவின் மாமியார் செத்துப்போனாள். அந்தக் கிழவி செத்தது செல்லாது என்று ஆகிவிட்டால் பௌலா அந்தப் புது உருளையிலேயே கயிறு கட்டிக்கொள்வாள். சிரிப்பு வந்தது, அது நின்றதும் ராஜாவின் கையை நினைத்தாள். எவ்வளவு பெரிய கை அது! மலையைக் குடைகிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள், ஆற்றைத் திருப்பி வாய்க்காலில் விட்டதைப் பார்த்திருக்கிறாள். போன வருஷத்தைப் பிடுங்கி எடுக்கிறவரைப் பற்றி இப்போதுதான் கேட்கிறாள். கடவுளே அந்த வேலையில் கை வைக்கவில்லையே. ஆதாம் தின்ற பழத்தைத் தின்னாத பழமாக ஆக்க முடிந்திருந்தால் அவர் தம் மகனை எதற்கு அனுப்பிச் சிலுவையில் விடுகிறார்? அதைவிட இது சுலபமில்லையா? ஐயோ, பாவம், இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது, அதுவும் ஜெபமாலைக்கு நடுவில். நடுவில். தெக்லா அவள் மடியில் நின்று மூக்கைப் பிடித்தாள். வாயைத் திறந்து சிரித்தாள். எட்டுப் பல். எட்டும் அந்தப் பள்ளத்துக்குள் முளைத்தவை. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று இரவு தூங்கவில்லை, ஆக இருபத்துநாலு இரவு. அந்த இருபத்துநாலு இரவுத் தூக்கத்தை ராஜா திருப்பித் தருவாரா? தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

“அடியே கொலோமா!” மதில் மேல் பௌலாவின் தலை எட்டிப் பார்த்தது. “கேட்டியா? என் ரொட்டி உள்ளேதானே இருக்கு?” “வேற எங்க இருக்கும்? எந்திரிச்சு நடந்து போயிருக்குமா?” “கேலி பண்ணாதே. அதுல அச்சு குத்தியிருக்கேண்டி.” அப்போதுதான் கொலோமாவுக்கு உறைத்தது. அச்சு! அவளும் குத்தியிருந்தாள். இந்த அடுப்பில் சுடுகிற ஆறு வீட்டுப் பெண்களும் குத்தியிருந்தார்கள். பிரபுவின் பொது அடுப்பில் நாற்பது வீட்டு ரொட்டி ஒன்றாக வேகும், எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் மரத்தில் செதுக்கின அச்சு உண்டு. மாவின் தலையில் ஒரு குத்து. கொலோமா வீட்டுக்குக் கோழிக்கால், பௌலா வீட்டுக்கு மீன்முள், விதவை ஊர்சுலாவுக்கு ஒரு கண். எழுத்து தெரியாதவர்கள்கூட அந்த ஊரில் அச்சு தெரியாமல் இல்லை. இங்கே இந்த முற்றத்தில், ஆறே ஆறு ரொட்டிக்கு, எதற்கு அச்சு? “எதுக்குடி குத்தினே?” “நானா குத்தினேன்? கை குத்திடுச்சு. நீ எதுக்குக் குத்தினே?” கைக்கு யார் சொல்வது, அடுப்பு மாறிவிட்டது, இனிமேல் குத்தாதே என்று? இரண்டு வருஷம் போதவில்லை கைக்கு. “இப்பவே திற. கட்டைவிரலால அழுத்தி அழிச்சுடு. மேல் தோல் இன்னும் கட்டியிருக்காது.” “திறந்தா மூச்சுப் போயிடும். அப்படியே அமுங்கிக் களியாப் போகும். இது மே மாசம் பௌலா. உன் குதிர்ல எவ்வளவு மாவு இருக்கு?” புது அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம். உள்ளே இருக்கிற ஒவ்வொரு ரொட்டியும் ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். “காரியஸ்தர் கேட்டா என்னுது இல்லேன்னு சொல்லிடுவேன், பார்த்துக்க,” என்றாள் பௌலா. “மூணு பிள்ளையை வச்சுக்கிட்டு நிலம் இல்லாம நான் எங்க போவேன்?” “சொல்லு. மீன்முள்ளும் அதையே சொல்லுமா கேளு.” தலை மறைந்தது. சொன்னது கொஞ்சம் அதிகம்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பௌலா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இரண்டாவது ஜெபமாலையா, முதல் ஜெபமாலையின் கடைசிப் பத்தா? மணியைப் பிடித்த விரல் எங்கேயோ நிற்கிறது, மனசு எங்கேயோ நிற்கிறது. மோப்பம் பிடித்துப் பார்த்தாள். ரொட்டி வேகிறபோது மூன்று வாசனை வரும்: முதலில் ஈரமாவு, பிறகு புளிப்பு, கடைசியில் வறுத்த கொட்டை. இப்போது புளிப்பு. அப்படியானால் இரண்டாவது. புளிப்பு வாசனை என்றால் நடு. திறந்தால் இப்போது திறக்க வேண்டும்; இதைத் தாண்டிவிட்டால் தோல் கட்டிவிடும், கட்டைவிரல் பதியாது, கத்தியால்தான் செதுக்க முடியும், செதுக்கினால் அந்த வெள்ளை வடுவே காட்டிக்கொடுக்கும். எழுந்தாள். மண்ணைச் சுரண்டக் கரண்டியை எடுத்தாள். கீழே வைத்தாள். கஸ்பார் இருந்தால் கேட்கலாம். அவள் புருஷன் கடலோர உப்பளத்துக்குக் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தான், சனிக்கிழமைதான் வருவான். வந்தாலும் என்ன சொல்வான், உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய் என்பான். இந்த அடுப்பைக் கட்டலாமா என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னான். அதற்கு முன்னால் ஒரு நாள் கோயிலில் பூசை முடிந்து எல்லாரையும் இருக்கச் சொல்லிக் காதிஸ் சபையின் சட்டங்களை வாசித்தார்கள். புரியாத வார்த்தையாக ஓடிக்கொண்டிருந்தது, அவளும் வயிற்றுப் பிள்ளையின் உதையை எண்ணிக்கொண்டிருந்தாள். பிரபுக்கள் மட்டுமே வைத்திருந்த உரிமைகள் ஒழிந்தன, அவையாவன: வேட்டை, மீன்பிடி, அடுப்புகள். அடுப்புகள்! முதுகுத்தண்டில் யாரோ விரல் வைத்தது போல நிமிர்ந்தாள். எங்கேயோ கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த பட்டணம். வெளியே பிரெஞ்சுக்காரன் பீரங்கி. குண்டு விழுகிற ஊரில், கறுப்பு அங்கி போட்ட படித்த ஆம்பளைகள் எழுந்து நின்று, ரொட்டி சுடத் தெரியாத கையை ஆட்டி ஆட்டி, அடுப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவளுடைய அடுப்பைப் பற்றி. அப்போது அப்படி ஒரு அடுப்பே கிடையாது. அவர்கள் சொன்ன பிறகுதான் இந்த முற்றத்தில் மூலை ஒன்று காலியாக இருப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. எப்படி அவர்களுக்குத் தெரிந்தது? பிரபுவின் அடுப்புக்காரன் அடியைக் கருக்கிவிட்டு, இருபதுக்கு ஒரு ரொட்டியைக் கூலி என்று எடுத்துக்கொண்டு, அதிலும் நல்லதாகப் பார்த்து எடுப்பான் என்று அவர்களிடம் யார் போய்ச் சொன்னது? இன்று வரை அவளுக்கு அது அதிசயம்தான். எட்டு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் களிமண் மிதித்தாள். ஊரே பார்த்துச் சிரித்தது.

ராஜாவின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் சிக்கல். பன்னிரண்டு வயசிலிருந்து அவருக்காக வேண்டிக்கொண்டவள். பாவம், சின்னப் பையன், பிரெஞ்சுக்காரன் ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிட்டான் என்று சொன்னபோது ஊரே அழுதது. அவர் திரும்பி வந்த அன்று அவளும் தெக்லாவைத் தூக்கிக்கொண்டு மணியோசைக்கு ஆடினாள். அவருடைய வண்டியில் குதிரையை அவிழ்த்துவிட்டு ஜனங்களே நுகத்தில் தோள் கொடுத்து இழுத்தார்களாம். கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்தது, தானும் ஒரு கை பிடித்திருக்கலாமே என்று. ராஜாவும் வேணும், அடுப்பும் வேணும். இதில் என்ன தப்பு? ஒரு ஆள் நேரில் போய் அவரிடம் சொல்லியிருந்தால், ஐயா, அந்த ரெண்டு வருஷத்தை எடுக்கிறபோது கொஞ்சம் பார்த்து எடுங்க, உள்ளே பிள்ளை இருக்கு, ரொட்டி வெந்துக்கிட்டிருக்கு என்று சொல்லியிருந்தால், கேட்காமலா போயிருப்பார்? யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசனை மாறியது. திடுக்கென்று மாறியது. வறுத்த கொட்டை. கரண்டி தரையில் கிடக்கிறது, அவள் திறக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தபோதே வேளை தாண்டிவிட்டது. இப்போது உள்ளே ஆறு அச்சும் ஆறு வீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு கல்லாகக் கட்டியிருக்கும். கோழிக்கால், மீன்முள், கண், அரிவாள், மணி. ஆறாவது சாவி. சாவி காரியஸ்தர் வீட்டு அச்சு. அவருடைய சமையற்காரி லியோகாதியா வாரா வாரம் சால்வைக்குள் மாவை மறைத்துப் பின்சந்து வழியாகக் கொண்டுவருவாள். பிரபுவின் அடுப்பு ரொட்டி கருகல், எங்க ஐயாவுக்குப் பல் சரியில்லை, அவர்கிட்ட சொல்லிடாதே என்பாள். அவரே வந்து அதைப் பார்த்தால்? சந்தோஷப்படுவாரா? எந்த ஆம்பளைக்குத் தன் வீட்டுச் சமையற்கட்டு தன்னைச் சிரிக்கவைத்தது பிடிக்கும்? அந்த ஆத்திரத்தில் ஆறு வீட்டையும் ஊரைவிட்டே துரத்துவார். மூன்றாவது ஜெபமாலை. நாலாவது பத்து. மத்தியான மணி அடித்தது.

கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தார். டொன் மெலிட்டோன் மரியாதையான மனிதர். கறுப்புக் கோட்டு, வாத நோயால் இழுக்கிற ஒரு கால், ஊன்றுகோல். பின்னால் கடப்பாரையோடு பெர்னாபே, பிரபுவின் தோட்டத்து ஆள். மதிலுக்கு அந்தப் பக்கம் சலசலப்பு. பௌலா மட்டும் இல்லை, நாலைந்து பேர் நிற்கிறார்கள் போலிருக்கிறது. “இதுதானா கொலோமா?” “இதுதான் ஐயா.” “திற.” கொலோமா ஜெபமாலை மணியைப் பிடித்த கையைத் தூக்கிக் காட்டினாள். “இன்னும் பதினேழு மங்கள வார்த்தை பாக்கி இருக்கு ஐயா.” “என்னது?” “ரொட்டி வேக.” பெர்னாபே சிரித்துவிட்டு வாயைப் பொத்தினான். டொன் மெலிட்டோன் அவள் கையிலிருந்த மணியைப் பார்த்தார். அவள் அவரைக் கிண்டல் செய்யவில்லை. பயத்தில் வாயில் வந்தது கணக்குதான். ஆனால் ராஜாவும் திருச்சபையும் ஒன்று என்று எப்போதும் சொல்கிறவர், ஜெபத்தை நடுவில் நிறுத்து என்று ஒரு பொம்பளையைப் பார்த்து எப்படிச் சொல்வார், அதுவும் இத்தனை பேர் காது கேட்க? அவர் தொப்பியைக் கழற்றினார். “சொல்லு,” என்றார். அவள் சொன்னாள். பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க. பாதி முடிந்ததும் பழக்க தோஷம், அவர் உதடு மறுபாதியை எடுத்தது: அர்ச்சியசிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே. பெர்னாபே கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சேர்ந்தான். மதிலுக்கு அப்பாலிருந்து பெண்குரல்களும் வந்து கலந்தன. இடிக்க வந்தவரும் இடிபடப் போகிறவளும், மறைந்து நின்றவர்களும், பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, எல்லாரும் சேர்ந்து ஒரு ரொட்டியை வேகவைத்துக்கொண்டிருக்கிறோமே! பதினேழு. அவள் மனசு ஒருதடவைகூட நழுவவில்லை. ஆமென் என்றதும் கல்லை நகர்த்தினாள்.

துடுப்பால் ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தாள். பொன்னிறம். இவ்வளவு நல்ல ஈடு இந்த வருஷத்தில் வந்ததில்லை, வந்தது பார், இன்றைக்கென்று. டொன் மெலிட்டோன் ஊன்றுகோலால் முதல் ரொட்டியைச் சுட்டினார். “கோழிக்கால்.” “எங்களுது ஐயா.” “மீன்முள்?” கொலோமா வாயைத் திறந்தாள், அதுவும் என்னுதுதான் என்று சொல்ல, எல்லாமே என்னுது, அச்சை இரவல் வாங்கினேன் என்று சொல்ல. அதற்குள் மதிலேறிக் குதித்தாள் பௌலா, பாவாடை கிழிய. “என்னுது. தள்ளு கொலோமா, சூடு ஆறிடும்.” அழுத கண். காரியஸ்தரைப் பார்க்காமல் ரொட்டியைத் துணியில் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு வாசல் வழியாக மற்றவர்கள். சாசனம் இருந்த நாளில் ஆம்பளைகள் இப்படித்தான் கோயிலில் மேசை முன்னால் ஒவ்வொருவராகப் போய் நின்று, தங்களுக்கு வேண்டிய ஆளின் பெயரைச் சத்தமாகச் சொன்னார்கள். பெண்கள் பின்னால் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கண் என்னுது. அரிவாள் என்னுது ஐயா. மணி எங்க வீட்டுது. டொன் மெலிட்டோன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே வந்தார். ஆறாவதுக்கு வந்தார். சாவி. பெர்னாபே, “இது நம்ம…” என்று தொடங்கி அப்படியே விழுங்கினான். ஒரு ஈ பலகையைச் சுற்றியது. காரியஸ்தரின் கழுத்திலிருந்து ஒரு சிவப்பு மேலே ஏறி, காதைத் தொட்டு, நெற்றிக்குப் போய், மெதுவாக வடிந்ததைக் கொலோமா பார்த்தாள். அவர் தம் நாக்கால் கடைவாய்ப் பல் ஒன்றைத் தடவினார். எத்தனை வாரமாக ரொட்டி மெத்தென்று இருக்கிறது என்று எண்ணுகிறாரோ என்னவோ. பிறகு குறிப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்தார், நாலாக மடித்தார், பையில் போட்டார். “பெயர் எதுவும் வேண்டாம்,” என்றார் யாரையும் பார்க்காமல். “பெர்னாபே, அதை எடுத்துக்கோ. அடுப்பை மட்டும் இடி.”

பெர்னாபே அடுப்பைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். “இப்பவா ஐயா? உள்ளே நெருப்பா இருக்கு. மேல்கூடு சரிஞ்சா காலோட போயிடும்.” “அப்படின்னா ஆறட்டும்,” என்றார் டொன் மெலிட்டோன், தொப்பியைப் போட்டுக்கொண்டே, எப்படியாவது அந்த முற்றத்தைவிட்டுப் போனால் போதும் என்று. “ஆறினதும் இடி. ஆறாம தொடாதே. இது உத்தரவு.” இழுக்கிற காலோடு அவர் தெருவில் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பெர்னாபே சாவி ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். கொலோமாவைப் பார்த்தான், மதிலோரம் அடுக்கியிருந்த திராட்சைக்கொடி விறகைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். “நாளைக்குக் காலையில வந்து தொட்டுப் பார்ப்பேன்,” என்றான் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. “சூடா இருந்தா நான் தொடக் கூடாது. மறுநாள் வருவேன். அன்னிக்கும் சூடா இருந்தா அன்னிக்கும் தொடக் கூடாது. எனக்கு உத்தரவு அப்படி.” கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

கொலோமா குனிந்து அடுப்புக்குள் கையைவிட்டுப் பார்த்தாள். கதகதவென்று, பெரிய மிருகத்தின் மூச்சு போல, அவள் தோள் வரைக்கும் ஏறியது. விதவை ஊர்சுலா தன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, மதிலோரம் போய், ஒரு கட்டு விறகைத் தூக்கிக்கொண்டு வந்து உள்ளே திணித்தாள். பௌலா ஊதினாள். கொடி விறகு சடசடவென்று பிடித்தது, தெக்லா கைகொட்டினாள்.

“இன்னிக்கு நான் பார்த்துக்கறேன்,” என்றாள் கொலோமா. “நாளைக்கு?”

“நாளைக்கு நான்,” என்றாள் பௌலா. “நாளான்னைக்கு ஊர்சுலா அக்கா. அப்புறம் அரிவாள் வீடு, மணி வீடு.” விரலை மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவள் ஆறாவது விரலில் நின்றாள்.

“லியோகாதியாகிட்ட நான் பேசறேன்,” என்றாள் கொலோமா. “ஞாயித்துக்கிழமை அவ முறை.”